சுற்றி நின்றவர்கள்

1985 நவம்பரில் டோக்கியோவின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் 13 வயது மாணவன் ஒருவன் தாமதமாக வகுப்புக்குள் நுழைந்தான். அவனுடைய மேஜை கரும்பலகைக்கு முன்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேலே பால் புட்டியில் செருகிய பூ, ஒரு பழம், ஊதுபத்தி. கூடவே ஒரு வெள்ளை அட்டை. இறந்துபோனவனுக்கு விடைகொடுப்பதுபோல அதில் ஆளுக்கொரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அவன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்கு இறுதிச் சடங்கு நடத்தி முடித்திருந்தது அந்த வகுப்பு. கையெழுத்துகள் ஏறக்குறைய 40. ஆசிரியர்கள் 4 பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவனுடைய வகுப்பாசிரியர்.

பையன் சிரித்து மழுப்பினான். அடுத்த பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பெற்றோர் தொடுத்த வழக்கில் 1991-இல் தீர்ப்புச் சொன்ன டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அந்தச் சடங்கை வதை என்று ஏற்கவில்லை. பிள்ளைகளின் குறும்பு என்ற அளவிலேயே அதைப் பார்த்தது. அதுவும் வதைதான் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 1994 ஆயிற்று.

அவனை அன்றாடம் எடுபிடியாக்கி, பைகளைச் சுமக்க வைத்து, பேனாவால் முகத்தில் மீசை வரைந்து தாழ்வாரத்தில் ஆட விட்டது ஒரு சிறு கும்பல்தான். அவர்களை என்ன சொல்லி அழைப்பது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அட்டையில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பள்ளிப் பிள்ளைகளுக்கு இடையிலான வதையை, இன்று ஊடகங்கள் ‘புல்லியிங்’ என்று சொல்வதை, ஆராயும் அறிவியல் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்ளச் சில பத்தாண்டுகள் பிடித்தன. அதற்குப் பிறகுதான் உருப்படியான விடைகள் கிடைக்கத் தொடங்கின.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆய்வு தொடங்கியதே கூட்டத்தைப் பற்றிய பேச்சில்தான். 1969-இல் ஸ்வீடனில் பீட்டர் பால் ஹைனமான் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தத்தெடுத்து வளர்த்த கறுப்பினச் சிறுவனை மற்றப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து துரத்தித் துன்புறுத்தியதைப் பார்த்து மனம் கொதித்து எழுதியது அது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ், சிறு பறவைகள் ஒன்றுகூடித் தம்மைவிடப் பெரிய வேட்டைப் பறவையை விரட்டுவதை விவரித்திருந்தார். அதைக் குறிக்கும் ‘மாபிங்’ (கூட்டமாகத் தாக்குதல்) என்ற சொல்லையே எடுத்துப் பள்ளி மைதானத்துக்குப் பொருத்தினார் ஹைனமான்.

அதே நாட்டைச் சேர்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ‘கூட்டம்’ என்றால் பழி யார் தலையிலும் விழாது, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளி என்றாகிவிடும் என்பது அவர் கவலை. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் பள்ளிச் சிறுவர்களை வகுப்பு வகுப்பாக ஆராய்ந்து அவர் கண்டது வேறு. பெரும்பாலான வகுப்புகளில் 2 அல்லது 3 பேர்தான் திரும்பத் திரும்ப வதைக்கிறார்கள். ஆண்டு மாறினாலும், ஆசிரியர் மாறினாலும் ஆட்கள் மாறுவதில்லை. வதைபடுபவர்களும் அப்படியே.

அவர் நார்வேயின் பெர்கன் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1982-ன் இறுதியில் வடக்கு நார்வேயில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட 3 சிறுவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கடுமையான வதையே காரணமாக இருக்கக்கூடும் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே அரசு நாடு முழுவதும் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் விளைவை அளக்கும் பொறுப்பு ஓல்வேயுஸுக்கு வந்தது. பெர்கனில் 42 பள்ளிகள், சுமார் 2,500 மாணவர்கள், 2 ஆண்டுகள். வதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக அவர் அறிவித்தார். அவ்வளவு பெரிய சரிவு வேறு நாடுகளில் எளிதில் கிடைக்கவில்லை என்பது பிற்கால அனுபவம்.

இன்றும் உலகெங்கும் புழங்கும் இலக்கணம் அவர் வகுத்ததுதான். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையில் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றும் சேர்ந்தால்தான் வதை. சம பலம் உள்ள இருவர் மைதானத்தில் கட்டிப் புரள்வது சண்டை. அது வேறு வகை. ‘நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த அறிவுரை செல்லுபடியாகாமல் போவது மூன்றாவது அம்சத்தால்தான். திருப்பி அடிக்க முடிகிற பிள்ளையாக இருந்தால் முதலிலேயே அவனைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

ஓல்வேயுஸ் இரண்டு நம்பிக்கைகளையும் உடைத்தார். குண்டாக இருப்பது, கண்ணாடி போடுவது, செம்பட்டை முடி, திக்குவாய் போன்ற ஏதோ ஒரு ‘வித்தியாசம்’தான் ஒரு பிள்ளையை வதைக்கு ஆளாக்குகிறது என்பது ஒன்று. எண்ணிப் பார்த்தால், வதைபடாத பிள்ளைகளிடமும் அதே அளவுக்கு வித்தியாசங்கள் இருந்தன. வதைப்பவர் கையில் வித்தியாசம் ஒரு சாக்கு. காரணம் வேறெங்கோ இருக்கிறது. முரட்டுத் தோலுக்கு அடியில் வதைப்பவன் பயந்தாங்கொள்ளி, தாழ்வு மனப்பான்மை கொண்டவன் என்பது மற்றொன்று. திரைப்படங்களுக்குப் பிடித்தமான இந்த விளக்கத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்களுடைய பதற்றம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. பலரிடம் குறைவாகவே இருந்தது.

பதற்றம் ஏன் இருக்க வேண்டும்? யானா யூவோனனும் சகாக்களும் லாஸ் ஏஞ்சலிஸில் சுமார் 2,000 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் எடுத்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. வகுப்பில் யாருக்கு மவுசு என்று மாணவர்களையே கேட்டபோது வதைப்பவர்களின் பெயர்தான் மேலே வந்தது. மனச்சோர்வும் தனிமையும் அவர்களிடம் மிகக் குறைவு. வட கரோலினா மாநிலப் பள்ளிகளில் யாருக்கு யார் நண்பர், யார் யாரைச் சீண்டுகிறார் என்ற வலைப்பின்னலை வரைந்து பார்த்த ராபர்ட் ஃபாரிஸும் டயான் ஃபெல்ம்லீயும் 2011-இல் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். செல்வாக்குப் படிக்கட்டில் ஒரு மாணவன் மேலே ஏற ஏற அவன் மற்றவர்களைச் சீண்டுவதும் கூடுகிறது. உச்சியில் இருக்கும் 2 சதவீதத்தினரிடம் மட்டும் அது சட்டென்று குறைந்துவிடுகிறது. ஏறி முடித்தவர்களுக்கு அந்த ஏணி தேவைப்படவில்லை.

ஆனால் செல்வாக்கு என்பது தனியாக இருந்து சம்பாதிக்கிற பொருளல்லவே. அதைக் கொடுப்பதற்கு நாலு பேர் வேண்டும்.

ஜப்பானியச் சமூகவியலாளர் மொரிட்டா யோஜி 1980-களின் நடுவிலேயே இதை விளக்கியிருந்தார். ஒரு வகுப்பறையை அவர் நான்கு வட்டங்களாகப் பார்த்தார். நடுவில் வதைபடுபவர். அவரைச் சுற்றி வதைப்பவர்கள். அடுத்து, சிரித்துக் கைதட்டி ரசிக்கும் கூட்டம். கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கும் பெரும்பான்மை. எந்த வட்டத்தின் எண்ணிக்கை கூடும்போது அந்த வகுப்பில் வதை கூடுகிறது என்று அவர் கணக்கிட்டார். வதைப்பவர்களின் எண்ணிக்கையையும், ரசிப்பவர்களின் எண்ணிக்கையையும்விட, தலையைக் குனிந்துகொள்பவர்களின் எண்ணிக்கைதான் வதையின் அளவோடு அதிகமாக ஒத்துப்போனது. ஜப்பானிய மொழியில் வந்த இந்த ஆய்வை மேற்குலகம் அன்று அதிகம் கவனிக்கவில்லை.

கனடாவில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்கும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாணவர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டால் உண்மை முழுதாக வராது என்று அவர்களுக்குத் தோன்றியது. டொராண்டோ பள்ளிகளில் பிள்ளைகளின் உடையில் கம்பியில்லா மைக்கைப் பொருத்தி, மைதானத்தைத் தொலைவிலிருந்து வீடியோ எடுத்தார்கள். பெற்றோர் சம்மதத்தோடுதான். சிறிது நேரத்தில் பிள்ளைகள் மைக்கை மறந்துவிட்டு விளையாட ஆரம்பித்துவிடுவார்கள்.

பதிவுகளில் கிடைத்தவை மணிக்கு 6 அல்லது 7 சம்பவங்கள். ஒரு சம்பவத்தின் சராசரி நீளம் 38 விநாடி. மைதானத்தின் மறுமுனையில் நிற்கும் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும் நேரம் அது. ஆசிரியர்கள் குறுக்கிட்டது 100-க்கு 4 சம்பவங்களில்தான். அதே வகைப் பதிவுகளை வைத்து 2001-இல் வெளிவந்த கணக்கு இன்னும் முக்கியமானது. 88 சதவீதச் சம்பவங்களில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கிட்டது 19 சதவீதத்தில் மட்டும். அப்படிக் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை, துல்லியமாகச் சொன்னால் 57 சதவீதம், 10 விநாடிக்குள் வதை நின்றுபோனது.

பெரியவர்களின் பேரவை தீர்மானம் போட்டோ, கண்காணிப்பு கேமரா வைத்தோ 10 விநாடியில் எதையும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. ‘டேய், விட்றா’ என்று ஒரு பிள்ளை சொன்னால் போதுமாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் வளர்கிற வயதில் சகஜம், பெரியவனானால் மறந்துவிடும் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். வகுப்பில் பிடிபட்டவர்களும் ‘சும்மா ஓட்டினோம் சார்’ என்றுதான் சொல்வார்கள். அந்த ‘சும்மா’ உடம்பில் என்ன செய்கிறது என்பதை அறியக் கிப்ளிங் வில்லியம்ஸிடமிருந்து தொடங்கலாம். அமெரிக்க உளவியலாளரான அவர் ஒருநாள் தன் நாயோடு பூங்காவில் இருந்தபோது, பக்கத்தில் இருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்த ஃபிரிஸ்பீ தட்டு அவர்மேல் வந்து விழுந்தது. திருப்பி எறிந்தார். அவர்கள் மறுபடி அவருக்கே எறிந்தார்கள். சில சுற்றுகள் மூவருமாக விளையாடினார்கள். பிறகு அந்த இருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், ஒன்றுமில்லாத விளையாட்டு. ஆனாலும் வில்லியம்ஸுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர அவர் ‘சைபர்பால்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார். திரையில் மூவர் பந்து எறிகிறார்கள். சற்று நேரத்தில் உங்களுக்குப் பந்து வருவது நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் சோதனை.

சில நிமிடத்தில் மனம் சுருங்கிவிடுகிறது. எதிரில் விளையாடுவது மனிதர்கள் அல்ல, கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் சுருங்குகிறது. கறுப்பின மக்களைக் கொன்ற கு கிளக்ஸ் கிளான் வெறியர்கள்தான் எதிரில் விளையாடுகிறார்கள் என்று சொன்னாலும் அதே கதைதான். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்த விளையாட்டை மூளை ஸ்கேனுக்குள் நடத்தியபோது, ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில் உடல்வலியின்போது இயங்கும் பகுதிகளில் ஒன்று இயங்கியது தெரிந்தது. ‘மனவலியும் உடல்வலியும் ஒன்றே’ என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அது கொஞ்சம் அவசரம். அந்தப் பகுதி வலிக்கு மட்டுமே உரியதல்ல என்றும், கூர்ந்து பார்த்தால் இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு தடங்கள் தெரிகின்றன என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. மிஞ்சுவது இதுதான்: ஒதுக்கிவைக்கப்படுவதை மூளை அற்ப விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் சுருக்குக்கே இப்படியென்றால் வருடக்கணக்கில்? இங்கே ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கல். வதைபட்ட பிள்ளைகள் பின்னாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று காட்டினால், ‘அவர்கள் முன்பே சோர்வான பிள்ளைகள், அதனால்தான் வதைபட்டார்கள்’ என்று ஒருவர் வாதிடலாம். வறுமை, குடும்பச் சூழல், மரபணு என்று எதையும் காரணமாகச் சொல்லலாம். இந்த முடிச்சை அவிழ்க்க வந்தவர்கள் இரட்டையர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995-இல் பிறந்த 1,116 ஜோடி இரட்டையர்களை 5 வயதிலிருந்தே ஒரு பெரிய ஆய்வு பின்தொடர்ந்து வருகிறது. அதில் லூயிஸ் ஆர்சனோவும் இசபெல் உவெலே மொரானும் ஒரு தனி வகை ஜோடிகளைத் தேடினார்கள். இருவருக்கும் ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே பெற்றோர். ஒருவர் மட்டும் பள்ளியில் வதைபட்டவர். அப்படி 30 ஜோடிகள் கிடைத்தன. 12 வயதில் அவர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, அந்நியர் முன் பேசச் சொல்லி, மனக்கணக்குப் போடச் சொல்லிப் பதற வைத்தார்கள். அவ்வப்போது உமிழ்நீரில் கார்ட்டிசோல் அளந்தார்கள். நெருக்கடி வரும்போது உடல் சுரக்கும் ஹார்மோன் அது. வதைபடாதவருக்கு எதிர்பார்த்தபடி ஏறியது. கூடப் பிறந்த, வதைபட்ட மற்றவருக்கு ஏறவில்லை.

ஏறாதது நல்லதுதானே என்று தோன்றும். அல்ல. ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த மணியின் நாக்கு தேய்ந்துபோவதைப் போல, நெருக்கடிக்கு எழும்பும் அமைப்பே மங்கிப்போயிருக்கிறது என்பதற்கு அறிகுறி அது. கார்ட்டிசோலுக்கு வேறு வேலைகளும் உண்டு. உடலின் அழற்சியை அடக்கி வைப்பது அவற்றில் ஒன்று. அது சரியாக இயங்காவிட்டால் விளைவு வேறு எங்கெங்கோ தெரிய வேண்டும். தெரிகிறது. வட கரோலினாவின் மலைப் பகுதியில் 1,420 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வில்லியம் கோப்லண்ட் குழு, அவர்களுடைய ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதத்தை அளந்துவந்தது. உடலில் நீடிக்கும் அழற்சியைக் காட்டும் புரதம் அது. இதய நோயோடு தொடர்புள்ளது. வயது கூடும்போது எல்லோருக்கும் சற்று ஏறும். வதைபட்டவர்களுக்கு அதிகம் ஏறியிருந்தது. வதைத்தவர்களுக்கு, எதிலும் சம்பந்தப்படாதவர்களைவிடவும் குறைவாக ஏறியிருந்தது. 2014-இல் வெளிவந்த இந்த முடிவைப் படிக்கும்போது யாருக்கும் கொஞ்சம் எரிச்சல் வரும். மைதானத்தில் பறித்த செல்வாக்கு சிலருடைய உடல்நலத்துக்கே உரமாகியிருக்கிறது.

இன்னும் நீண்ட கணக்கு பிரிட்டனில் இருக்கிறது. 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் அங்கு பிறந்த பிள்ளைகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் ‘உங்கள் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் வதைக்கிறார்களா’ என்று பெற்றோரிடம் கேட்டிருந்தார்கள். 1960-களில் அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்த புண்ணியவான் யாரோ. அவர்களில் 7,771 பேருடைய விவரங்களை வைத்து, 50 வயதில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. 28 சதவீதத்தினர் எப்போதாவது வதைபட்டவர்கள், 15 சதவீதத்தினர் அடிக்கடி. அடிக்கடி வதைபட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்ற நோயும் தற்கொலை எண்ணமும் கூடுதல். துணையோடு வாழ்வது குறைவு, நண்பர்கள் குறைவு, ஆண்களுக்குச் சம்பளமும் குறைவு. சிறுவயதின் அறிவுத்திறன், குடும்ப வசதி, முன்பே இருந்த மனக்கோளாறுகள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் நின்றது இந்த வேறுபாடு. பள்ளி முடிந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும்.

வதைபட்டவர் எல்லோரும் இப்படித்தான் ஆவார்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 11,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் இரட்டையர்களை வைத்து 2017-இல் வந்த ஆய்வு ஆறுதலான ஒரு செய்தியைச் சொன்னது. 11 வயதில் வதைபட்டதன் நேரடி விளைவான பதற்றம் 2 ஆண்டுகள் நீடித்தது. 5 ஆண்டுகளில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. பிறர் மீதான சந்தேகமும் எண்ணச் சிதறலும் மட்டும் அப்போதும் ஓரளவு மிஞ்சியிருந்தன. வீட்டில் அன்பான சூழல் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்ததையும் இரட்டையர் ஆய்வு காட்டியிருக்கிறது. எல்லா ஆய்வுகளிலும் மிக மோசமாகப் பாதிக்கப்படுவது இன்னொரு கூட்டம்: ஓரிடத்தில் வதைபட்டு, இன்னோரிடத்தில் தன்னைவிடச் சிறியவனை வதைப்பவர்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஆசிரியருக்கும் பிடிக்காது, சக மாணவருக்கும் பிடிக்காது.

வீட்டில் இதெல்லாம் எப்படித் தெரியும்? பெரும்பாலும் வயிற்றுவலியாக. திங்கட்கிழமை காலை வரும் வலி, பள்ளிப் பேருந்து போன பிறகு தணிந்துவிடும். தலைவலி, தூக்கமின்மை, படுக்கையை நனைத்தல் ஆகியவை வதைபடும் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நடிப்பு என்று அதட்டி அனுப்பப்படும் வலிகளில் கணிசமானவை நிஜ வலிகள். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாததற்குப் பயம் மட்டும் காரணமல்ல. சாண்ட்ரா கிரஹாமும் யூவோனனும் காட்டியதுபோல, வதைபடும் பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. குறை தன்னிடம் என்றால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

கைபேசி வந்த பிறகு எல்லாமே மாறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் லூசி போவ்ஸும் இங்கிலாந்தின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதினரின் பதில்களை 2017-இல் அலசினார்கள். 30 சதவீதத்தினர் தொடர்ந்து வதைபடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இணையத்தில் மட்டும் வதைபடுபவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் குதறுபவர்கள் பெரும்பாலும் அவரை வகுப்பிலும் சீண்டுகிறவர்களே. முன்பு மாலை மணி அடித்ததும் கிடைத்த இடைவேளை இப்போது கிடைப்பதில்லை என்பதுதான் கைபேசி செய்த மாற்றம்.

ஓல்வேயுஸின் மூன்றாவது அம்சத்தைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று புலப்படும். நார்வேயில் யார் பலசாலி என்பது பெரும்பாலும் மைதானத்தில் முடிவாகும். இங்கே அது பிள்ளை பிறப்பதற்கு முன்பே தெருவில் முடிவாகி, அவனோடு சேர்ந்து வகுப்புக்குள் வருகிறது. தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வருவதைக் கண்காணிக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை 2019-இல் சுற்றறிக்கை அனுப்பியது. அரசியல் எதிர்ப்பில் அது அமுங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நடக்கும் சாதிக் கொடுமையைச் சொன்ன பட்டியல் சாதி மாணவரையும் தடுக்க வந்த தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களுக்குப் பள்ளியில் தடை கேட்டது. கல்லூரியிலும் இதே வரிசைதான். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகே, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் வரப்பிரகாஷ் பகடிவதையில் இறந்த பிறகு, 1998-இல் சட்டம் வந்தது. நார்வேயும் ஜப்பானும் அப்படித்தான். பல நாடுகளில் சாவு நிகழ்ந்த பிறகே அரசு இதைக் கவனித்திருக்கிறது.

கயிறு என்றதும் நியூ ஜெர்சி நினைவுக்கு வருகிறது. 2012-13 கல்வியாண்டில் அங்கே 56 நடுநிலைப் பள்ளிகளில், 24,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே எலிசபெத் லெவி பலக் குழு ஒரு சோதனை நடத்தியது. முதலில் ஒவ்வொரு மாணவரிடமும் யார் யாரோடு நேரம் கழிக்கிறாய் என்று கேட்டு, பள்ளி முழுவதன் உறவு வரைபடத்தையும் போட்டார்கள். பாதிப் பள்ளிகளில் 20 முதல் 32 மாணவர்களைக் குலுக்கலில் எடுத்து, தங்கள் பள்ளியில் என்ன பிரச்சினை, அதற்கு என்ன செய்யலாம் என்று அவர்களையே யோசிக்க விட்டார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாசகம் எதுவும் கிடையாது. யாராவது ஒருவர் சண்டையை விலக்கினாலோ, தனியாக இருப்பவருக்குத் துணை நின்றாலோ, அந்த மாணவர்கள் அவருக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் மாணவர் மோதல் குறித்த ஒழுங்கு நடவடிக்கைகள் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. குலுக்கலில் வந்தவர்களில், வரைபடத்தில் அதிகம் பேரோடு தொடர்புள்ள மாணவர்கள் கூடுதலாக இருந்த பள்ளிகளில் பலன் இன்னும் அதிகம். நல்ல மாணவன் என்று ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் லீடர்கள் பெரும்பாலும் இவர்கள் இல்லை. மணிக்கட்டில் ஒரு பட்டை இரண்டு ஊர்களில் இரண்டு வேலை பார்த்திருக்கிறது.

சுற்றி நிற்பவர்களை வைத்தே வதையைக் குறைப்பதைத் தேசிய அளவில் செய்துபார்த்த நாடு பின்லாந்து. துர்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-லேயே வகுப்பு மாணவர்களை வதைப்பவர், கூட்டாளி, ஏற்றிவிடுபவர், ஒதுங்குபவர், காப்பவர், வதைபடுபவர் என்று பிரித்துக் காட்டியவர். கல்வி அமைச்சகத்தின் பணத்தில் அவர் குழு உருவாக்கிய ‘கிவா’ திட்டம் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதிக்கப்பட்டு, 2009-இலிருந்து நாடெங்கும் பரவியது. வகுப்பு முழுவதற்கும் பாடங்கள் உண்டு. இடைவேளையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர் தூரத்திலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொள்வார். ஒரு வதை தெரியவந்தால் வதைத்தவரிடம் பேசுவதோடு நிற்பதில்லை. வகுப்பில் மதிப்புள்ள 2 முதல் 4 மாணவர்களைத் தனியே அழைத்து, வதைபட்டவருக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள்.

அற்புதம் எதுவும் நிகழவில்லை. உலகெங்கும் நடந்த இத்தகைய திட்டங்களைத் திரட்டி 2019-இல் போட்ட கணக்குப்படி, வதைப்பது சராசரியாக 19 அல்லது 20 சதவீதமும், வதைபடுவது 15 அல்லது 16 சதவீதமும் குறைகின்றன. லட்சக்கணக்கான பிள்ளைகள் என்று வரும்போது அது சிறிய எண் அல்ல.

ஆனால் கிவா வகுப்புகளிலிருந்தே எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பும் வந்தது. வதை நன்றாகக் குறைந்த வகுப்புகளில், இன்னும் வதைபட்டுக்கொண்டிருந்த அந்த ஓரிரு பிள்ளைகளின் நிலை, வதை மலிந்த வகுப்புகளில் இருந்தவர்களைவிட மோசமாக இருந்தது. மனச்சோர்வு அதிகம், தன்மதிப்பு குறைவு. சால்மிவல்லியும் கிளேர் கராந்தோவும் இதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, பத்துப் பேர் வதைபடும் வகுப்பில் ‘இந்த வகுப்பே சரியில்லை’ என்று நினைத்துக்கொள்ளலாம், கூடச் சேர்ந்து புலம்பவும் ஆள் கிடைக்கும். எல்லோரும் நிம்மதியாக இருக்கும் வகுப்பில் தனக்கு மட்டும் நடந்தால், குறை தன்னிடம்தான் என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது. சராசரி குறைந்துவிட்டதென்று பள்ளிகள் அறிக்கை எழுதும் அதே ஆண்டில் இது நடக்கிறது. பின்லாந்தில் முன்பே செய்த வேறோர் ஆய்வில், வகுப்பில் ஒரே ஒருவராவது தனக்காகப் பேசுகிறார் என்று சொன்ன வதைபடும் பிள்ளைகள், அப்படி யாருமே இல்லாதவர்களைவிடத் தேறியிருந்தார்கள்; வகுப்பில் அவர்களுக்கு ஏற்பும் கூடுதலாக இருந்தது. மிச்சமிருக்கும் அந்த ஓரிருவரைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு அந்த ஒருவரை எப்படிச் சேர்த்துவைப்பது என்பதைத்தான் துர்குவில் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.